தலை காட்டாத குதிரை

டோல்குனுக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் அவள் திறமை அல்ல, பெயர். டோல்குன் என்றால் அலை. அவளுடைய அப்பா இளவயதில் சோவியத் கடற்படைக்குப் போய், மூன்று வருஷம் உருளைக்கிழங்கு உரித்துவிட்டு வந்தவர். அந்தப் பெருமை அடங்காமல் முதல் பெண்ணுக்கு அப்படிப் பெயர் வைத்தார். எங்கள் தலைநகரமான பிஷ்கெக்கில் நாற்பத்தைந்து வயது வரைக்கும் அந்தப் பெயரால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பல் மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் உள் அலங்காரம் செய்வதுதான் அவள் தொழில். ஊரில் பாதி மணப்பெண்கள் அவள் போட்ட தங்க நட்சத்திரக் கூரைக்குக் கீழேதான் அழுதிருக்கிறார்கள். அவளுக்கே அந்த நட்சத்திரங்களைப் பார்த்தால் பல் கூசும். ஆனால் மண்டபக்காரர்கள் நட்சத்திரம்தான் கேட்டார்கள், அதுவும் போன மண்டபத்தில் இருந்ததைவிடப் பெரிதாக.

அந்த வருஷம் தூரத்துக் கடலோர நகரம் ஒன்றில் உலகக் கண்காட்சி நடப்பதாக இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அரங்கம். எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த தலைப்பு, ‘கடலும் நாளைய உலகமும்’. எங்கள் நாட்டிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்ப்பதற்குள் இரண்டு மூன்று எல்லைகளைத் தாண்டவேண்டும். ஆனாலும் அரசாங்கம் அசரவில்லை. ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவர் ஷர்ஷென்பெக். அகலமான மனிதர். நல்ல குரல். கல்யாண வீடுகளில் கோப்பையைத் தூக்கிப் பிடித்து வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தால் ஆட்டுக்கறி ஆறிப்போகும். அதிகாரிகளில் அவரைப் போல மூன்று அமைச்சர்கள் மாறியும் நாற்காலி மாறாதவர் வேறு யாரும் இல்லை.

விண்ணப்பித்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினாராம்.

“அலை! பொண்ணு பேரே அலை. இதுக்கு மேல என்ன வேணும்? மத்ததெல்லாம் மூடி வைங்க.”

முதல் கூட்டத்துக்கு டோல்குன் ஒரு வரைபடத்தோடு போனாள். பத்து நாள் தூங்காமல் யோசித்தது அது. நுழைந்தால் நீளமான, மங்கலான பாதை. இரண்டு பக்கச் சுவரும் தடித்த கம்பளி. அந்தக் கம்பளி வெளிச் சத்தத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். கண்காட்சியின் இரைச்சலில் அலைந்துவிட்டு வருகிறவனுக்கு, மலைமேல் ஏறியதும் காது திடீரென்று காலியாகுமே, அந்த உணர்வு வரவேண்டும். பாதை முடிகிற இடத்தில் வெளிச்சம். அவ்வளவுதான்.

ஷர்ஷென்பெக் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா. பொருளெல்லாம் எங்க வெச்சிருக்க?”

“எதையும் வெக்கல, பைகே.” எங்கள் பக்கத்தில் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவோம், கூடப் பிறந்தவராக இருக்க வேண்டியதில்லை.

“அதான் கேக்கறேன், எங்க வெக்கல?”

“எங்கயுமே வெக்கல.”

அவர் மேஜையைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார், ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. விவசாயத் துறைக்காரர் பையில் மொச்சை கொண்டுவந்திருந்தார்.

“வெளிநாட்டுக்காரன் இவ்வளவு தூரம் நடந்து வந்து வெறும் சுவரையா பாத்துட்டுப் போவான்? வீட்டுக்கு வந்தவங்களுக்குக் காலித் தட்ட வெப்பியா நீ?” என்றார் ஷர்ஷென்பெக், கோபமில்லாமல், ஒரு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு தட்டு நிரம்ப ஆரம்பித்தது. சுற்றுலாத் துறைக்குக் கம்பளிக் கூடாரம் வேண்டும். பண்பாட்டுத் துறைக்குப் பாடம் செய்த கழுகு வேண்டும். மின்சாரத் துறைக்கு அணைக்கட்டின் மாதிரி, அதில் தண்ணீர் நிஜமாகவே ஓடவேண்டும். சுகாதாரத் துறைக்கு ஏரிக்கரைச் சேறு, மூட்டுவலிக்கு நல்லது. இளைஞர் நலத்துறையிலிருந்து வந்தவர், கண்ணில் மாட்டிக்கொண்டால் குதிரைமேல் ஏறிப் பாய்ந்து போவதுபோலத் தெரியும் கண்ணாடி ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். மொச்சைக்கு நடு இடம் கிடைத்தது. எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கு மொச்சையை எத்தனை நாட்டுக்காரன் தின்கிறான் தெரியுமா என்று விவசாயத் துறைக்காரர் கேட்டதற்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

“கடல் எங்க இருக்கு?” என்று கடைசியில் யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

“அணைக்கட்டுத் தண்ணி இருக்கே, அது போதும்” என்றார் ஷர்ஷென்பெக்.

வீட்டுக்கு வந்து டோல்குன் கணவன் ஏசெனிடம் புலம்பினாள். ஏசென் டிராலி பஸ் ஓட்டுகிறவன், பொறுமைசாலி.

“நீ கல்யாண மண்டபம் பண்ணினப்போ என்ன செஞ்ச?” என்று கேட்டான்.

“அவங்க கேட்டத செஞ்சேன்.”

“இதுவும் கல்யாணம்தான். மாப்பிள்ளைதான் யாருன்னு தெரியல.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு ராஜினாமா செய்வது கஷ்டமாகப் போயிற்று.

கூடாரம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் போராடினாள். பக்கத்து நாட்டுக்காரன் மூன்று மாடி உயரத்துக்குக் கூடாரம் கட்டுகிறான், நாம் போய் அதன் குட்டியைப் போலச் சின்னதாக ஒன்று வைக்கவேண்டுமா என்று கேட்டாள். அப்படியானால் கண்டிப்பாக வைக்கவேண்டும், இல்லாவிட்டால் கூடாரமே அவர்களுடையது என்று உலகம் நினைத்துக்கொள்ளும் என்றார் ஷர்ஷென்பெக். அதுவும் ஒரு நியாயம்தான். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய இடம், சின்ன நாடுகளையெல்லாம் வரிசையாக அடைத்து வைத்த ஒரு கொட்டகை. அதன் கூரை கூடாரத்தைவிடத் தாழ்வு. நாட்டுக் கொடியிலேயே இடம் பிடித்த அந்த உச்சி வளையத்தைக் கழற்றினால்தான் கூடாரம் உள்ளே நுழையும். கழற்றினார்கள். பிறகு பார்த்தால் கூடாரம், யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த தொப்பிபோல இருந்தது.

இந்தக் களேபரத்துக்கு நடுவேதான் முத்திரை விவகாரம் வந்தது.

இந்தக் கண்காட்சிகளில் ஒரு பழக்கம் உண்டு. வருகிறவர்கள் வாசலில் பாஸ்போர்ட் போல ஒரு குட்டிப் புத்தகம் வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு நாட்டு அரங்கத்திலும் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும். அதைப் புத்தகத்தில் குத்தி வாங்கிக்கொண்டே போகலாம். கண்காட்சி நடத்துகிறவர்கள், உங்கள் முத்திரைப் படம் இன்னும் வரவில்லை, உடனே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்றைக்குக் குழு, கழுகு இடப்பக்கம் பார்க்கவேண்டுமா வலப்பக்கம் பார்க்கவேண்டுமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. முகப்பு எந்தத் திசையோ அந்தத் திசையில் கழுகு பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் இன்னின்ன நாடு இருக்கிறது என்று ஒருவர் தேசப்படம் விரித்துக் காட்டினார்.

டோல்குன் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் பேனாவால் கிறுக்கினாள். மலை ஒன்று. அதை நோக்கி ஏறிப் போகும் ஒற்றைக் குதிரை. பின்னாலிருந்து பார்த்தபடி. உருண்டையான பின்புறம், நடுவே தொங்கும் வால், கீழே நாட்டின் பெயர். போனில் படம் எடுத்து அங்கேயே உட்கார்ந்தபடி அனுப்பிவிட்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. முத்திரை என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

கண்காட்சி திறந்தது. அந்த ஊர் வெயில் ஈரத் துணியைப் போல உடம்பில் ஒட்டியது. டோல்குன் மேற்பார்வைக்கு அங்கேயே தங்கிவிட்டாள். ஷர்ஷென்பெக்கும் ‘நாட்டின் பிரதிநிதி’யாக வந்து சேர்ந்தார். வரவேற்பு மேஜையில் பூருல். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போய், லீவு போட்டுவிட்டு வந்தவள். பட்டு அங்கியும் உயரமான வெள்ளைத் தலைப்பாகையுமாக அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். வருகிறவர்களுக்குக் குருத் கொடுப்பது அவள் வேலை. குருத் என்பது தயிரை உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்தது. வெளியூர்க்காரர்கள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு, மரியாதைக்காகச் சிரித்தபடி குப்பைத் தொட்டியைத் தேடினார்கள்.

“எஜே, நம்ம விருந்தோம்பல் தொட்டி முழுக்க நிரம்பிடுச்சு. காலி பண்ணச் சொல்லட்டா?” என்று பூருல் டோல்குனிடம் கேட்பாள். எஜே என்றால் அக்கா. பூருல் வயதில் மூத்தவள்தான், ஆனால் டோல்குன் அதிகாரி.

அணைக்கட்டு இரண்டாம் நாளே ஒழுகியது. ஏரிச் சேற்றைச் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். குதிரைக் கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர் தலைசுற்றி மொச்சைமேல் சாய்ந்தார். இவ்வளவுக்கும் அரங்கத்தில் கூட்டம் நெரிந்தது. வாசலில் வரிசை. சிலர் உள்ளே வந்து நேராக மேஜைக்கு ஓடி, முத்திரை குத்திக்கொண்டு, பார்த்து, ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துவிட்டு, கழுகையோ கூடாரத்தையோ ஏறெடுத்துப் பார்க்காமல் போனார்கள். போய், வெளியே நின்ற தங்கள் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஷர்ஷென்பெக்குக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் தலைநகரத்துக்குப் போன் செய்தார்.

“சிரிச்சுக்கிட்டே வர்றாங்க, சிரிச்சுக்கிட்டே போறாங்க. நம்ம ஜனங்களோட சந்தோஷம் அவங்களையும் தொத்திக்கிச்சு. எல்லாம் மொச்சைய நடுவுல வெச்சதுதான்!”

டோல்குன் வாயைத் திறக்கவில்லை. முதலில் கொஞ்சம் பயம் இருந்தது. பிறகு ஒரு ரகசிய சந்தோஷம் வந்தது. இத்தனை பெரிய அரங்கத்தில் குழு கை வைக்காத ஒரே இடம் உள்ளங்கை அளவு ரப்பர்தான், ஜனங்கள் அதைத்தான் தேடி வருகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வழியில் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு அந்த வரிசையின் பக்கமாக நடப்பாள்.

ஒருநாள் ஷர்ஷென்பெக், பேரனுக்கு வேண்டும் என்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தார். பூருல் டோல்குனை ஒருமுறை பார்த்தாள். பிறகு அழுத்தமாகக் குத்திக் கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“இது என்ன?”

“குதிரை, பைகே” என்றாள் டோல்குன்.

“தல எங்க?”

“அந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம்?”

“மலைப் பக்கம்.”

அவர் புத்தகத்தைத் திருப்பித் தாளின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்தார். அங்கேயும் தலை இல்லை. முகம் மெல்ல மெல்லச் சிவந்தது.

“இத்தன நாளா, வந்தவங்க எல்லாருக்கும் நாம…” முத்திரையை விரலால் தட்டினார். “நம்ம நாட்டு முத்திரையா இது? நம்ம பேரு அந்த… அந்த இடத்துக்குக் கீழயா எழுதியிருக்கு?”

“பைகே, நீங்க சின்ன வயசுல கோடை மேய்ச்சலுக்கு மலையேறிப் போயிருக்கீங்கல்ல? ஒத்தையடிப் பாதையில நாள் முழுக்க என்ன தெரியும்? முன்னால போற குதிரையோட பின்பக்கம்தானே? நம்ம ஊர நம்ம ஜனங்க பாத்ததெல்லாம் அந்தப் பின்பக்கத்துக்கு மேல எட்டிப் பாத்துதான்.”

ஷர்ஷென்பெக் நிமிர்ந்து நின்றார்.

“நான் எப்பவும் முன்னாலதான் போவேன்” என்றார்.

அன்றே முத்திரையைப் பறித்துப் பெட்டியில் பூட்டிக்கொண்டார். ஊரில் குழு கூடியது. இந்த முறை முத்திரையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். கழுகு, கூடாரம், சிகரம், ஏரி, தலைப்புக்காக ஓர் அலை, மொச்சைக் கொடி ஓரத்தில், மூன்று மொழிகளில் நாட்டின் பெயர். எல்லோருக்கும் திருப்தி. அது ரப்பராகி வந்ததும் பூருல் ஒரு காகிதத்தில் குத்திப் பார்த்தாள். அத்தனையும் சேர்ந்து ஒரே கறுப்பாக அப்பியது.

முதலில் வந்த ஒரு பெண் அதை உற்றுப் பார்த்துவிட்டு, “உருளைக்கிழங்கா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா, எங்க நாடு” என்றாள் பூருல்.

“குதிரை எங்கே?”

“லீவுல போயிருக்கு.”

நாலைந்து நாளில் வரிசை கரைந்தது. அடுத்த அரங்கம் ஒரு தீவு நாட்டினுடையது. அவர்கள் முத்திரையில் நண்டு ஒன்று இருந்தது, அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. ஷர்ஷென்பெக் நண்டு அரங்கத்தின் வாசலுக்கே போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். வாசலில் ஆள் எண்ணும் கருவி ஒன்று இருந்தது. அதன் முன்னால் அவரே நாலு தரம் உள்ளேயும் வெளியேயும் நடந்ததை டோல்குன் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்துவிட்டாள்.

அப்போதுதான் தகவல் வந்தது. நாட்டு தினக் கொண்டாட்டத்துக்கு அமைச்சரே வருகிறார். போனில் கேட்ட கூட்டத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறாராம்.

ஷர்ஷென்பெக் டோல்குனைத் தேநீருக்குக் கூப்பிட்டார். கூடாரத்துக்குள் கம்பளியில் உட்கார்ந்தார்கள். அவரே கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார், மரியாதைக்கு அரைக் கோப்பை மட்டும்; நிறைத்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

“குதிரையத் திரும்ப வெச்சுக்கலாம்.”

“அப்படியேவா?”

“அப்படியே இல்ல. தல வேணும்.”

“பைகே, தல வந்தா அது வேற குதிரை. மலைய விட்டுட்டு இந்தப் பக்கம் வரணும். தபால் தலைல ஏற்கெனவே நூறு குதிரை அப்படி நிக்குது.”

“யாரு அத இந்தப் பக்கம் வரச் சொன்னா? அது பாட்டுக்குப் போகட்டும். போற போக்குல கழுத்த மட்டும் திருப்பிப் பாக்கட்டும். அவ்வளவுதான் நான் கேக்கறேன். வால வேணும்னா வெச்சுக்க.”

டோல்குன் எழுந்து வந்தாள். இது எவ்வளவு மட்டமான யோசனை என்று அவருக்கு வரைந்தே காட்டிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். மொச்சைக் கூடைக்குப் பின்னால் ஒரு மேஜை. முதல் படத்தில் கழுத்து ஒடிந்ததுபோல வந்தது. நல்லது என்று சந்தோஷப்பட்டாள். இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கோட்டைக் கொஞ்சம் குறைத்தாள், ஒரு காதை மட்டும் பின்னால் சாய்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

குதிரை மலையேறிப் போய்க்கொண்டிருந்தது. போகிற போக்கில் திரும்பி, வர்றியா இல்லையா என்று கேட்டது.

ஏசெனுக்குப் போன் போட்டாள்.

“அந்த மனுஷன் ஒரு திருத்தம் சொன்னாரு” என்றாள்.

“வழக்கம்போல நாசமாப் போச்சா?”

“நல்லா இருக்கு. அதான் பிரச்சன.”

அந்தப் பக்கம் ஏசென் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டுச் சிரிப்பது கேட்டது. பயணிகள் யாரோ அவனைத் திட்டுவதும் கேட்டது.

“இத்தன மாசமா அந்த ஆளு சொன்னதுல ஒண்ணுகூடவா சரியா இருக்காது? பத்து சொன்னா ஒண்ணு சரியா விழும், அது கணக்கு” என்றான்.

“நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

புது முத்திரை வந்த அன்றைக்கே செய்தி பரவிவிட்டது. பழைய புத்தகங்களோடு ஜனங்கள் திரும்ப வந்தார்கள். குதிரையின் பின்புறம் ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள், அதற்குப் பக்கத்திலேயே புதியதையும் குத்தச் சொன்னார்கள். அமைச்சர் வந்த நாளில் வரிசை நண்டு அரங்கத்தைத் தாண்டி வளைந்து நின்றது. தீவு நாட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோல்குனுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது.

அமைச்சர் புதியவர், மெலிந்தவர், களைத்துப் போனவர். கழுகைப் பார்த்துத் தலையசைத்தார். அணைக்கட்டைப் பார்த்தபோது ஒழுகிய ஈரத்திலிருந்து காலை எடுத்துத் தள்ளி வைத்தார். குதிரைக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறுத்துவிட்டார். கடைசியில் முத்திரை மேஜைக்கு வந்ததும் அவரும் ஒரு புத்தகத்தை நீட்டினார். பூருல் குத்தினாள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

“குதிரை ஏன் திரும்பிப் பாக்குது?”

டோல்குன் வாயெடுப்பதற்குள் ஷர்ஷென்பெக் முன்னால் வந்தார். கையில் கோப்பை மட்டும்தான் இல்லை, குரல் அந்தக் கல்யாண வீட்டுக் குரல்.

“விருந்தாளி பின்னாலயே வர்றாரான்னு பாக்குதுங்க, ஐயா. நம்ம வழக்கம். விருந்தாளிய பாதில விட்டுட்டு நம்ம குதிரை போகாது.”

அமைச்சரின் முகம் அன்றைக்கு முதல்முறையாக மலர்ந்தது. பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். மாலை மேடையில் அதையே தன் சொந்த யோசனையாகப் பேசினார். முன் வரிசையில் ஷர்ஷென்பெக் கைதட்டிக்கொண்டே டோல்குன் பக்கம் குனிந்தார்.

“பாத்தியா, நான் சொன்னது அவரோடதாயிடுச்சு.”

“எனக்குப் பழகிடுச்சு, பைகே. உங்களுக்குப் புதுசு, கொஞ்சம் வலிக்கும்” என்றாள் டோல்குன்.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கூட்டம் அதை அமைச்சரின் பேச்சுக்கான சிரிப்பு என்று எடுத்துக்கொண்டு கூடவே சிரித்தது.

கண்காட்சி முடிந்து அரங்கத்தைப் பிரித்தபோது பொருள்கள் எங்கெங்கோ போயின. மொச்சையைப் பூருலும் காவல்காரர்களும் வேகவைத்துத் தின்றார்கள், நன்றாகவே இருந்ததாம். ஒழுகும் அணைக்கட்டை மின்சாரத் துறை திரும்ப வாங்க மறுத்துவிட்டது. உருளைக்கிழங்கு முத்திரையைப் பூருல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் நோட்டில் குத்துவதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது என்றாள்.

பிஷ்கெக்கில் தொலைக்காட்சிக்காரர்கள் டோல்குனைப் பேட்டி எடுத்தார்கள். ஒரு நாட்டை எப்படி ஓர் அறைக்குள் வைத்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் ஒத்தையடிப் பாதையைப் பற்றி, முன்னால் போகிறவர்களைப் பற்றி, ஷர்ஷென்பெக் கேட்ட அந்த ஒரு கழுத்துத் திருப்பத்தைப் பற்றி உண்மையை உள்ளபடி சொன்னாள். ஒளிபரப்பில் அதையெல்லாம் வெட்டிவிட்டு, கடல் எனக்கு எப்போதும் ஊக்கம் தந்தது என்று அவள் எங்கேயோ பேச்சுவாக்கில் சொன்னதை மட்டும் போட்டார்கள். அவளுடைய அப்பா அதைப் பார்த்து அழுதுவிட்டார்.

அடுத்த வாரம் அவள் ஓஷ் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு புது மருந்துக் கடையின் வேலையை ஆரம்பித்தாள். கடைக்காரர் சுவரெல்லாம் பச்சை வேண்டும் என்றார், அவள் வெள்ளை என்றாள். அவர் சொன்ன பச்சையை ஒரு மூலையில் அடித்துப் பார்க்கும்படி பெயிண்டரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, இந்த ஆளும் சரியாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையோடு பார்த்தாள். நல்லவேளை, பச்சை சகிக்கவில்லை.